உப்புப் பருவமும் படப் பருவமும்

(மரக்காணத்தில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உப்பளத்து வேலையை முடித்துக் கால் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே,

பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் முழுவதற்கும் பல தேசத்துத் திரைப்படங்களைத் தெரிந்தெடுத்து, நிரல் வகுத்து, வாரம் ஒன்றாகக் காட்டிவருகிற வழக்கம் உலகின் பல பாகங்களில் வேரூன்றி நெடுங்காலம் ஆகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1940ஆம் ஆண்டிலேயே தமக்கென்று ஒரு படக்குழுவை அமைத்துக்கொண்டார்கள். அது இன்றளவும் மாணவர்களின் கையாலேயே நடந்துவருகிறது. அந்த வழக்கத்தைப் பற்றி, அதிலும் அந்த நிரலை எப்படி அமைப்பது, யாருக்காக அமைப்பது என்ற இரண்டு விஷயங்களைப் பற்றி, இந்த உப்புக் கரையில் நின்று பேச வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

இங்கே நின்றுதான் பேச வேண்டும் என்று நான் விரும்பியதற்குக் காரணம் ஒரு சொல். பல்கலைக்கழகத்தார் 'செமஸ்டர்' என்று வழங்குகிற ஆறு மாதக் காலப் பகுப்புக்குத் தமிழில் பெயர் வைக்க நேர்ந்தபோது, 'பருவம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மரக்காணத்தில் பருவம் என்றால் இன்னதென்று நான் சொல்லித் தெரிய வேண்டியவர் இங்கே ஒருவருமில்லை. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, பாத்திகளில் தேங்கிய தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, தை மாசி வாக்கில் உவர்நீரைப் பாய்ச்சத் தொடங்கினால், வெயில் ஏற ஏற வெள்ளை விளைந்து, மீண்டும் வானம் கறுக்கிற வரையில் நீள்வது அது. அந்தச் சொல்லை நாள்காட்டியில் எழுதிக்கொண்ட கல்விச்சாலைகள், அச்சொல்லுக்குள் இருக்கிற வேலைமுறையை மட்டும் இந்த அளத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டன என்பது என் அபிப்பிராயம். அதை எடுத்துக் காட்டவே வந்தேன்.

கடல்நீரை நேரே பாத்தியில் விட்டு உப்பெடுக்க யாரும் முயல்வதில்லை. நீர் முதலில் ஒரு பெரிய தேக்கத்தில் நின்று தெளிய வேண்டும். பிறகு ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாறி மாறி, வெயிலையும் காற்றையும் வாங்கி வாங்கி, செறிவு ஏற வேண்டும். கருவியை நீரில் மிதக்கவிட்டு 'டிகிரி' பார்க்கிறீர்களே, பாமே என்ற பிரெஞ்சு மருந்தியலார் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த அந்த அளவின்படி, கடலில் மூன்று டிகிரி அளவில் இருக்கிற நீர் இருபத்தைந்தை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்னதாகவே சுண்ணாம்பும் ஜிப்சமும் வேறு பாத்திகளில் படிந்து ஒதுங்கிவிடுகின்றன. முப்பதை நெருங்கிவிட்டாலோ எஞ்சிய நீரை வடித்து வெளியே விட்டாக வேண்டும். பேராசைப்பட்டு வைத்திருந்தால் மக்னீசியம் கலந்து உப்பே கசந்துபோகும். எந்த நீரை எப்போது எந்தப் பாத்திக்குத் திறந்துவிடுவது, எப்போது மடையை அடைப்பது என்பதைக் கண்ணாலும் காலாலும் அறிந்திருப்பதுதான் இத்தொழிலின் வித்தை.

ஒரு பருவத்துக்குப் படநிரல் வகுப்பதும் அதே வித்தைதான் என்று நான் சொன்னால் மிகையென்று எண்ணமாட்டீர்கள் என நம்புகிறேன். தேர்வு நாட்களும் விடுமுறை நாட்களும் கழியப் பன்னிரண்டு மாலைகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாலைக்குப் பன்னிரண்டு சிறந்த படங்களைப் பொறுக்கி எழுதிவிடுவது எளிது. பரிசு பெற்ற படங்களின் அட்டவணை எங்கும் கிடைக்கிறது. ஆனால் முதல் வாரத்துப் படம் இரண்டாவது வாரத்துப் படத்துக்குக் கண்ணைப் பக்குவப்படுத்தி, இரண்டாவது மூன்றாவதற்கு, மூன்றாவது நான்காவதற்கு என்று செறிவு ஏறி, ஏதோ ஒரு வாரத்தில், திரையில் ஓடுகிற நிழல்கள் பார்க்கிறவனுடைய சொந்த அனுபவமாகப் படிந்து உறைகிற அந்தக் கணம் வருமாறு அமைப்பதற்கு, மடை திறக்கத் தெரிந்தவனுடைய நிதானம் வேண்டும்.

இந்த நிதானம் எனக்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கல்லூரியில் படக்குழு ஒன்றைத் தொடங்குகிற பொறுப்பு என்னிடம் வந்தபோது, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 1960ஆம் ஆண்டுப் படமான 'லாவென்தூரா'வை முதல் வாரத்திலேயே வைத்தேன். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடப் புறப்பட்டு, தேடுவதையே மெல்ல மெல்ல மறந்துபோகிற மனிதர்களைப் பற்றிய படம் அது. கான் விழாவிலேயே அதைக் கண்டு கூச்சலிட்டவர்கள் இருந்தார்கள். பிறகு அதே விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. மண்டபம் நிறையக் கூடியிருந்த மாணவர்களில் பாதிப் படத்துக்குள் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் திரும்பி வரவேயில்லை. பிழை அவர்களுடையதன்று, மூன்று டிகிரி நீரை விளைகிற பாத்தியில் விட்டவன் நான். அந்த ஆண்டு என்னால் கலையின்மேல் வெறுப்புற்றுப் போன சில இளைஞர்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அயல்நாட்டுப் படம் என்றால் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்கிற எண்ணம் நம்மிடையே எப்படிப் புகுந்ததோ தெரியவில்லை. சினிமா தமிழ்நாட்டு மக்களிடம் வந்தபோது அயல்நாட்டுப் படமாகத்தான் வந்தது, வந்ததும் பாமர மக்களிடமே வந்தது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் இயேசுநாதர் வரலாறு முதலான படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். மணலைக் குவித்து உயர்த்திக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து நம் பாட்டன்மார் கண்ட முதல் சலனக் காட்சிகள் பிரான்சில் எடுக்கப்பட்டவை. மௌனப் பட நாட்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, நடப்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லிக்கொண்டே போவார். ஜப்பானில் அவ்வாறு சொல்பவர்கள் நடிகர்களுக்கு நிகரான புகழோடு விளங்கினார்கள். மொழி தெரியாத படத்தை மக்கள் பார்ப்பார்களா என்று இன்று கேட்பவர்களுக்கு, பார்த்தார்கள், வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள் என்பதே விடை. இந்த ஊருக்கோ அயல்நாடு அதற்கும் ஆயிரமாண்டுகளுக்கு முந்திய பரிச்சயம். சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் இதுவே என்றும், கிரேக்க மாலுமியின் குறிப்பேட்டில் வருகிற சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

பிற்காலத்தில் இந்த உறவு நகரத்துச் சங்கங்களின் கைக்குப் போயிற்று. சத்தியஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947இல் கல்கத்தாப் படச் சங்கத்தை நிறுவினார்கள். 1952இல் பம்பாயில் தொடங்கிய முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. 1959இல் இந்தியப் படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. 1964இல் பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டு, பி.கே. நாயர் அவர்களின் அயராத சிரத்தையால் வளர்ந்து, சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் படங்களை இரவல் தரும் நூலகமாகவும் பயன்பட்டது. இவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நானே அந்த இரவல் படப்பெட்டிகளை ரயில் நிலையத்தில் காத்திருந்து இறக்கியவன். ஆனாலும் இந்த வரலாற்றில் என் மனம் வணங்கி நிற்கிற இடம் பம்பாயுமில்லை, கல்கத்தாவுமில்லை.

கருநாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே சில வீடுகள். அங்கே கே.வி. சுப்பண்ணா என்ற பாக்கு விவசாயி, நண்பர்களோடு 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடகச் சங்கத்தை வளர்த்து, 1973இல் அதற்கு ஒரு படச் சங்கத்தையும் கிளையாகச் சேர்த்தார். பூனாவில் திரைப்பட ரசனைப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், காப்பகத்தின் துணையோடும், பூனாத் திரைப்படக் கல்லூரிப் பேராசிரியர் சதீஷ் பகதூர் போன்றோரின் துணையோடும், அந்த மண்ணிலேயே ரசனை வகுப்புகளையும் படவிழாக்களையும் நடத்தினார். 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'ராஷோமோன்', 'பதேர் பாஞ்சாலி' முதலியவற்றைத் தோட்டத் தொழிலாளரும் இல்லத்தரசிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்த்து, கன்னடத்தில் விளக்கம் கேட்டு, தமக்குள் விவாதித்தார்கள். 1991இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. நாட்டின் மிக நல்ல 'பல்கலைக்கழகத் திரையரங்கு' எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், பல்கலைக்கழகமே இல்லாத அந்த ஊரைத்தான் சுட்டுவேன்.

இனி, இந்தக் கரைக்கு நான் வகுத்துப் பார்த்திருக்கிற நிரலில் சிலவற்றைச் சொல்கிறேன். பன்னிரண்டையும் சொல்லி உங்களைக் களைப்படையச் செய்ய உத்தேசமில்லை.

முதல் வாரத்தில் ஈரான் நாட்டு அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987). வகுப்புத் தோழனுடைய நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மறுநாள் தோழனுக்குத் தண்டனை கிடைக்குமே என்று அடுத்த ஊருக்கு ஓடுகிறான், கதை அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவது வாரத்தில் நம்முடைய பாலு மகேந்திராவின் 'வீடு' (1988): அயல்நாட்டு நிரலில் தமிழ்ப் படம் எதற்கு என்று கேட்பீர்கள்; உலகம் என்பது நம்மை நீக்கிவிட்டு எண்ணப்படுவதன்று என்று முதலிலேயே தெரிவித்துவிடுவது நல்லது. இவற்றில் தெளிந்த கண்ணுக்குப் பிறகுதான் மௌனத்தைத் திறந்துவிட வேண்டும்.

அந்த மௌனம் ஜப்பானிய இயக்குநர் கனேத்தோ ஷிந்தோவின் 'நிர்வாணத் தீவு' (1960). உள்நாட்டுக் கடலில் ஒரு சிறு தீவு. அதில் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள். தீவில் குடிநீர் இல்லை. எதிர்க்கரைக்குப் படகு வலித்துப் போய், வாளிகளில் நீர் மொண்டு, காவடிபோல் தோளில் தொங்கவிட்டுச் செங்குத்தான மேட்டில் அடிமேல் அடி வைத்து ஏறி, கருகும் பயிருக்கு அகப்பையால் ஊற்றுகிறார்கள். ஊற்றிய கணமே மண் அதை உறிஞ்சிவிடுகிறது. படம் முழுவதும் பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு நாள் மனைவி கால் இடறி ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுகிறாள். கணவன் காவடியை இறக்கி வைத்துவிட்டு அவளை ஓங்கி அறைகிறான். பின்னொரு காலத்தில், மூத்த மகனைப் புதைத்த பிறகு, அவளே வாளியை வேண்டுமென்று கவிழ்த்து, பயிரைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் விழுந்து அழுகிறாள். அப்போது அவன் அடிக்கவில்லை, பேசவுமில்லை, நின்று பார்த்துவிட்டு மீண்டும் நீர் ஊற்றத் தொடங்குகிறான். சற்றைக்கெல்லாம் அவளும் எழுந்து ஊற்றுகிறாள். கடலுக்கு நடுவே இருந்துகொண்டு குடிநீருக்குக் குடம் சுமக்கிற வாழ்க்கையை மரக்காணத்துப் பெண்கள் அறியாதவர்களா? இந்த ஒரு காட்சியைப் பற்றி நகரத்துப் பண்டிதர்கள் எழுதியிருப்பதையெல்லாம் படித்திருக்கிறேன். அளத்தில் உப்புச் சுமக்கிற ஒரு தாய் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாள் என்பதைக் கேட்க வேண்டும் என்ற ஆவல் அவற்றால் எனக்குத் தணியவில்லை.

இதன் பின் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் 'லா தெர்ரா த்ரெமா' (1948). சிசிலித் தீவின் ஆச்சித்ரெத்சா என்ற மீனவ ஊரில், அந்த ஊர் மீனவர்களையே நடிக்க வைத்து எடுத்தது. மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட வேண்டுமென்று வீட்டை அடகு வைத்துச் சொந்தப் படகில் தொழில் செய்யத் துணிகிற ஒரு குடும்பம், நல்ல வேட்டை கிடைத்ததும் நெத்திலி இனத்து மீன்களைப் பீப்பாய் பீப்பாயாக உப்பிட்டு அடுக்கி வைக்கிறது. உப்பைக் கையால் அள்ளித் தூவுகிற அந்தக் குடும்பத்தாரின் முகங்களில் தெரிகிற பூரிப்பை நான் வேறெந்தப் படத்திலும் கண்டதில்லை. புயல் படகை உடைத்துவிட, அதே பீப்பாய்களை அதே வியாபாரிகள் அற்ப விலைக்குக் கேட்கிறார்கள். இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்த மீனவர் பேச்சு இத்தாலியர்களுக்கே விளங்காது என்பதால், இத்தாலிய மொழியில் ஒருவர் இடையிடையே விளக்கம் சொல்லும்படி நேர்ந்தது. தன் நாட்டிலேயே விளக்கம் வேண்டியிருந்த படத்தை, இங்கே தமிழில் ஒருவர் எடுத்துச் சொல்லிக் காட்டுவதில் என்ன குறை வந்துவிடும்? ஆங்கில எழுத்து திரையின் அடியில் ஓடுவதையே தகுதித் தேர்வாக வைத்துப் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுகிறோம். கூடாரக் காலத்து வழக்கத்தை மீட்டு, நல்ல குரலும் தெளிவும் உள்ள மாணவர் ஒருவர் வசனத்தைத் தமிழில் படித்தால் போதும்.

ஏழாவது எட்டாவது வாரங்களில் உப்பு விளையத் தொடங்குகிறது. முதலில் மிகைல் கலத்தோசோவ் 1930இல் ஜார்ஜியா நாட்டு மலைகளில் எடுத்த 'ஸ்வனேத்தியாவுக்கு உப்பு' என்ற மௌனப் படம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பனியால் வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடக்கிற மலையூரில் உப்பில்லை. மாடுகள் மனிதனின் வியர்வையை நக்க அலைகின்றன. முடிவில் அரசாங்கம் சாலை போடுகிறது. அந்த முடிவு பிரசாரத்துக்காகச் சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கலையாக அது மற்றப் பகுதிக்கு ஈடாகாது. ஆயினும், தான் குவித்து வைத்த அம்பாரம் லாரியேறி எங்கோ போவதை மட்டுமே கண்டவர்களுக்கு, அது போய்ச் சேராத இடத்தில் உயிர்கள் படுகிற பாட்டைக் காட்டுகிற வேறு படம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, இந்த நிரலின் உச்சம்: வெனிசுவேலாவின் மார்கோ பெனசெராஃப் என்ற பெண்மணி எடுத்த 'அராயா' (1959). கரீபியக் கடலோரத்தில் அராயா என்றொரு வறண்ட தீபகற்பம். ஸ்பானியர்கள் கண்டுபிடித்த நாள் முதல் நானூற்றைம்பது ஆண்டுகளாகக் கையாலேயே உப்பெடுத்து வந்த இடம். தட்டைப் படகுகளில் நின்று, உப்பேரியின் அடியில் உறைந்து கிடக்கிற கட்டிகளைப் பெயர்த்து, உடைத்து, கழுவி, கூடைகளில் தலைச்சுமையாகச் சுமந்து, வெள்ளைக் கோபுரங்களாக அடுக்குகிறார்கள். வரிசையாக ஆட்கள் சரிவில் ஏறி, கூடையைக் கவிழ்த்து, மறுபக்கம் இறங்குகிறார்கள். கோபுரம் கண்முன்னே வளர்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் அது. உச்சி வெயிலில் பாத்தியைப் பார்த்துக் கண் கூசிய அனுபவம் உள்ளவர்களுக்கு, அந்த வெள்ளை திரையிலிருந்து வருகிறதா, நினைவிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாது. அந்த மண்ணில் செடி கொடி முளைப்பதில்லை. ஆகவே, சமாதியில் வைக்கப் பூவில்லை. கிழவி ஒருத்தியும் அவளுடைய பேத்தியும் கடற்கரையில் சிப்பிகளையும் சங்குகளையும் பொறுக்கிக்கொண்டு போய்ப் பூவுக்குப் பதிலாகச் சமாதியின்மேல் அடுக்குகிறார்கள். நான் இப்படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை சிப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து வைக்கிற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

இறுதியில் இயந்திரங்கள் வருகின்றன. அவற்றின் முழக்கத்தோடு படம் முடிகிறது. அந்த மக்களுக்கு இனி என்ன ஆகும் என்பதை அந்த அம்மையார் சொல்லவில்லை. 1959இல் கான் விழாவில் விமரிசகர் பரிசை அலென் ரெனேயின் 'ஹிரோஷிமா மோனமூர்' படத்தோடு இது பகிர்ந்துகொண்டது. கூடப் பரிசு பெற்ற படம் உலகப் புகழ் பெற்றது. இது நெடுங்காலம் மறந்துகிடந்து, 2009இல் புதுப்பிக்கப்பட்ட பிறகே பரவலாகக் காணக் கிடைத்தது. பெனசெராஃப் அம்மையார் இதற்குப் பின் வேறு முழுநீளப் படம் எடுக்கவில்லை. ஆனால் 1966இல் தம் நாட்டுக்கு ஒரு தேசியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவி, மற்றவர்களுடைய படங்களைத் தம் மக்களுக்குக் காட்டினார். 2024ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எடுப்பது பெரிதா, காட்டுவது பெரிதா என்று தருக்கமிடுவோருக்கு அவருடைய வாழ்க்கையை எடுத்துச் சொல்வது என் வழக்கம்.

'அராயா'வுக்கு அடுத்த வாரம் ஃபரீதா பாச்சாவின் 'மை நேம் ஈஸ் சால்ட்' (2013). குஜராத்தின் சிறிய ரண் பாலைநிலத்துக்கு ஆண்டில் எட்டு மாதம் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, நிலத்தடி உவர்நீரைப் பம்பு வைத்து இறைத்து உப்பு விளைவிக்கிறவர்களின் படம். பாத்தி மிதிக்கிற பாதங்களை இவ்வளவு பொறுமையோடு பார்த்த காமிரா வேறில்லை. இதோடு மடையை அடைத்துவிட வேண்டும். உப்புப் படங்களாகவே பன்னிரண்டு வாரமும் காட்டுவது கசப்புநீரை வைத்திருப்பதற்குச் சமானம். தன் தொழிலைத் தவிர வேறெதையும் பார்க்கத் தகுதியற்றவன் தொழிலாளி என்று சொல்வதாகவும் ஆகிவிடும். கடைசி வாரங்களில் சிரிப்பும் இருக்கட்டும், காதலும் இருக்கட்டும். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) இருக்கட்டும்.

யாருக்காக என்ற இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாவலாசிரியராகப் புகழ் பெற்ற பின்னும், எழுதப் படிக்கத் தெரியாத தம் மக்களைப் புத்தகம் எட்டாது என்பதற்காகவே சினிமாவைக் கற்றுக்கொண்டார். அவர் 1963இல் எடுத்த 'போரோம் சரே' என்ற இருபது நிமிஷப் படத்தில், ஒரு வண்டிக்காரன் பணக்காரர் வசிக்கிற பகுதிக்குள் சவாரி ஏற்றிச் சென்றதற்காகத் தன் வண்டியையே பறிகொடுக்கிறான். உப்பு வணிகரான உமணரின் வண்டிகளைப் பற்றிப் பாட்டுப் படித்த நமக்கு அந்த வண்டிச் சக்கரத்தின் ஓசை அந்நியமாயிராது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கதவு நினைவுக்கு வரும்.

ஊரையும் கல்லூரியையும் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அங்கே ஒரு பருவத்தில் தெ சீக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை வைத்திருந்தோம். கல்லூரி வாசலுக்கு எதிரே சைக்கிள் பழுது பார்க்கிற கடை ஒன்று. ஆள் நடமாட்டம் உள்ள இடமாயிற்றே என்று அந்தக் கடைக் கதவில் எங்கள் சுவரொட்டியை ஒட்ட அனுமதி கேட்டேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டே, "என்ன படம் சார்?" என்றார். சுவரொட்டி ஒட்டுகிற வேலைக்குச் சைக்கிள் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருக்கிறவனுடைய சைக்கிள் முதல் நாளே திருட்டுப் போய்விடுகிறது, மகனைக் கூட்டிக்கொண்டு நகரமெல்லாம் தேடுகிறான் என்று சொன்னேன். கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கெடைச்சுதா?" என்றார். வந்து பாருங்கள் என்றேன்.

அடுத்த வாரம் பசை தடவிக்கொண்டு மறு சுவரொட்டிக்குப் போனபோதுதான், அவர் அன்று கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, சட்டை மாற்றி, பையனைக் கூட்டிக்கொண்டு வந்ததும், அடையாள அட்டை இல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்ற உத்தரவின்படி வாசலில் நிறுத்தப்பட்டதும், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனதும் எனக்குத் தெரியவந்தது. அவர் என்மேல் குறைபட்டுக்கொள்ளவில்லை. "கெடைச்சுதா சார்?" என்று அதே கேள்வியைத்தான் மறுபடியும் கேட்டார். நான் முடிவைச் சொல்ல நேர்ந்தது. அந்தப் படத்துக்கு அன்று அந்த ஊரிலேயே உரிமை மிக்க ரசிகர் அவர். அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாங்கள் இத்தாலிய நவ யதார்த்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பருவத்துக்குப் பிறகு, கதவு திறந்திருக்கும் என்று எழுத்தில் வாங்காமல் எந்த நிரலுக்கும் நான் பொறுப்பேற்றதில்லை.

இந்தக் கரையில் உலக சினிமா இல்லாமலில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், காலாப்பட்டில், 1985இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆரோவிலில் 'சினிமா பாரடைசோ' என்ற பெயரில் வாரந்தோறும் பல நாட்டுப் படங்கள் காட்டப்படுகின்றன. புதுச்சேரியில் 1889 முதல் இயங்குகிற அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அரங்குகள் உண்டு, கருவிகள் உண்டு, படங்களைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. கழுவெளி ஏரிக்கு எங்கிருந்தோ பறவைகள் பறந்து வந்து சேருகிற வழியிலேயே படங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. அளத்து வரப்புவரை மட்டும் அவை வரவில்லை. பல்கலைக்கழக மாணவர்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம், பருவத்துக்குப் பன்னிரண்டு மாலைகளில் நான்கையாவது இந்த ஊருக்கு ஒதுக்க வேண்டும் என்பதே. படத்தின் உரிமையாளரிடம் அனுமதியை முறைப்படி எழுதி வாங்கிவிட வேண்டும். கல்விக் காட்சிக்கு என்று காரணம் காட்டிக் கேட்டால் பலர் குறைந்த தொகைக்கு இசைகிறார்கள் என்பது என் அனுபவம்.

எஞ்சியிருப்பது நேரத்தைப் பற்றிய ஒரு சிறு விவரம். ஆனால் இதில் பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். நகரத்தில் படம் தொடங்குகிற எட்டு மணிக்கு இங்கே தொடங்கக்கூடாது. வெயிலுக்கு முந்தி வாரி முடிக்க வேண்டி விடியலுக்கு வெகு முன்பே பலகையோடு பாத்தியில் இறங்குகிறவர்கள், எட்டரைக்கெல்லாம் படுக்கைக்குப் போயாக வேண்டும். ஆகவே விளக்கு வைத்ததும் தொடங்கி, எட்டுக்குள் முடிகிற படங்களாக முதலில் எடுத்துக்கொள்ளலாம். 'லா தெர்ரா த்ரெமா' மிக நீளமானது, அதை இரண்டு மாலையாகப் பிரித்துக் காட்டினாலும் பாதகமில்லை. அந்த நேரத்தில் கடற்காற்று ஓங்கி அடிக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரும் வழியில் பள்ளிக்கூடத்து மதில் ஒன்று காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், அதில் வெள்ளையடித்துக் கொடுக்க இங்கே இருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழை மாதங்களில் அளம் தண்ணீருக்குள் கிடக்கும்போது கையில் வேலையும் இராது, மதிலடியில் உட்காரவும் முடியாது. அதற்கு ஒரு கூரையுள்ள இடம் வேண்டும். அதைப் பற்றி யோசனை உள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னோடு சற்று இருந்து பேசிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.